வெயில் வந்தாச்சு, போகலாமா?

பட்டாளத்தில் 24 வருஷம் இருந்தேன். அதில் ஒன்பது குளிர்காலம் காஷ்மீரிலும் லடாக்கிலும் கழிந்தது. பனியைப் பற்றியோ பனிச்சரிவைப் பற்றியோ யார் எழுதிக் கேட்டாலும் பத்திரிகை ஆசிரியர் அந்தக் கடிதங்களை ஒரு பழுப்பு உறையில் போட்டு, நான் இருக்கும் குடியாத்தத்துக்கு அனுப்பிவிடுவார். இந்த மாதம் உறை கொஞ்சம் கனம். கோடை விடுமுறைக்கு வடக்கே போய்வந்தவர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறார்கள். முதல் கடிதத்துக்கே பாதிப் பக்கம் போய்விட்டது, மற்றவர்கள் மன்னிக்கணும்.

ஏப்ரல் கடைசியில் நாங்கள் ஏழு பேர் மணாலியிலிருந்து பியாஸ் குண்டு என்ற மலை ஏரிக்கு நடைபயணம் போனோம். துண்டி என்ற இடத்தைத் தாண்டிக் கூடாரம் போட்ட அன்று மாலை மழை. இரவில் வானம் தெளிந்து, தண்ணீர் பாட்டில் உறையும் அளவுக்குக் குளிர். மறுநாளிலிருந்து இரண்டு நாள் விடாமல் பனி, கூடவே காற்று. அப்புறம் ஒரு காலை பளிச்சென்று வெயில். வழிகாட்டி, “மௌசம் குல் கயா (வானம் தெளிந்துவிட்டது), ஒன்பது மணிக்குக் கிளம்பலாம்” என்றார். எங்களில் மூத்தவரான என் சித்தப்பா முடியவே முடியாது என்று எல்லோரையும் கீழே இறக்கிவிட்டார். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் மேலே போய், படம் எடுத்து, பத்திரமாகத் திரும்பிவந்தார்கள். எங்களுக்குத் தலைக்கு 9,000 ரூபாய் போச்சு. சித்தப்பா செய்தது சரியா, இல்லை வெறும் பயமா?
— ச.மீ., கோவை

அம்மாடி, முதலில் உன் சித்தப்பாவுக்கு என் பேரைச் சொல்லி ஒரு நல்ல காபி வாங்கிக் கொடு.

பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் திரும்பிவந்ததைத்தான் நீ சாட்சிக்குக் கூப்பிடுகிறாய். அது செல்லாது. அவிநாசி ரோட்டில் ஒருத்தன் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய், அடிபடாமல் வீடு சேர்ந்துவிட்டால் அவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும் என்று அர்த்தமா? பனி ஒரு மோசமான வாத்தியார். தப்பாக எழுதினாலும் ஒன்பது தடவை ‘சரி’ என்று போட்டுக் கொடுத்துவிடும். அந்த ஒன்பதையும் வைத்துக்கொண்டு ஆள் தன்னைக் கெட்டிக்காரன் என்று நம்ப ஆரம்பித்துவிடுவான். இருபது வருஷமாக இதே வழியில் போகிறேன் என்று சொல்லும் வழிகாட்டியிடம் நான் மரியாதையாகப் பேசுவேன். ஆனால் அந்த இருபது வருஷத்தை மட்டும் நம்பி அவர் பின்னால் போகமாட்டேன்.

சரி, உன் கடிதத்துக்கு வருவோம். உனக்குத் தெரியாமலே பாதிப் பதிலை நீயே எழுதிவிட்டாய். மழை, தெளிந்த இரவு, உறைபனிக் குளிர், அதன் மேல் இரண்டு நாள் பனி, காற்று. இந்த வரிசைதான் முக்கியம். மழையில் நனைந்த பழைய பனி அந்த ஒரு இரவில் கண்ணாடி மாதிரி உறைந்திருக்கும். அதன் மேல் புதுப்பனி விழுந்தால், எண்ணெய் தடவிய தட்டில் மாவைக் கொட்டின கதைதான். மழையே இடைவெளி இல்லாமல் அப்படியே பனியாக மாறியிருந்தால் ஈரத்தில் ஓரளவு ஒட்டிப் பிடித்திருக்கும். நடுவில் அந்த இரவு வந்ததுதான் வினை.

அடுத்தது காற்று. வானத்திலிருந்து இரண்டு அடி விழுந்தது என்றால் எல்லா இடத்திலும் இரண்டு அடி இருக்காது. காற்று ஒரு பக்கம் சுரண்டி, முகட்டைத் தாண்டி மறுபக்கத்தில் கொட்டும். அங்கே ஐந்தடி, ஆறடிகூடச் சேரும். பார்வைக்குத் தலையணை மாதிரி வழவழவென்று உப்பி அழகாக இருக்கும். படம் எடுக்க அங்கேதான் எல்லோரும் போவார்கள். அந்தப் பனி பொலபொலவென்று இருக்காது, பலகையாக இறுகியிருக்கும். ஒரு இடத்தில் உடைந்தால் மொத்தப் பலகையும் ஒன்றாக நகரும். உயிரைக் குடிப்பது பெரும்பாலும் இந்தப் பலகைப் பனிச்சரிவுதான். அதில் சிக்கிய பலருடைய விஷயத்தில் அதைக் கிளப்பிவிட்டது அவர்களுடைய, அல்லது கூட வந்தவர்களுடைய காலேதான்.

மூன்றாவது வெயில். புயலுக்குப் பிறகு வானம் நீலமாகத் தெரிந்தால் மனசு தானாகவே ‘ஆபத்து முடிந்தது’ என்று சொல்லும். பனிக்கு அப்போதுதான் தொல்லை ஆரம்பம். ஏப்ரல் வெயில் நம் ஊர் மார்கழி வெயில் இல்லை. கிழக்குப் பார்த்த சரிவில் ஆறரைக்கே அடிக்க ஆரம்பித்து, ஒன்பது மணிக்கெல்லாம் மேல் பனி நெகிழ்ந்துபோகும். கையில் ஒரு பிடி எடுத்துப் பார். உதிர்ந்து போனால் இன்னும் உலர்ந்த பனி. புட்டு மாவு பதத்தில் பிடித்தால் நின்று, உதிர்த்தால் உதிர்ந்தால் ஈரம் ஏறிவிட்டது. பிழிந்தால் விரலிடுக்கில் தண்ணீர் வந்தால் அந்தச் சரிவுக்கு மேலேயும் நிற்காதே, கீழேயும் நிற்காதே. மேலிருந்து சின்னச் சின்னப் பந்துகள் தானாக உருண்டு வந்து, நத்தை ஓடு மாதிரி சுருண்டு நின்றால், அதுவும் இதே சேதிதான்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை. 2004 ஏப்ரல், திராஸ் பக்கம். அப்போது நான் நாயக். ஆறு பேர், மேல் போஸ்டுக்கு மண்ணெண்ணெய் கொண்டுபோகணும். இரண்டு நாள் பனி அடித்து ஓய்ந்து, மூன்றாம் நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புவதாகத் திட்டம். ஜெரிகேன் ஒன்று ஒழுகியது, மாற்றினோம். அப்புறம் லங்கரில், அதாவது பட்டாளத்துச் சமையல் கூடத்தில், அன்றைக்குப் பூரி. புயலில் இரண்டு நாள் பிஸ்கட் தின்ற ஆளுக்குப் பூரியை விட்டுவிட்டுப் போக மனசு வருமா? தட்டோடு வெளியே நின்று தின்றுகொண்டிருந்தபோது, ஓடைக்கு எதிர் மலையில் ஒரு பனிச்சரிவு இறங்கியது. வெள்ளைப் புகை கிளம்பியது. எல்லோரும் வேடிக்கை பார்த்தோம், ஒருத்தன் விசில்கூட அடித்தான். எங்களுடையதைப் போன்ற ஒரு சரிவு, அதே திசை, அதே பனி, கண்ணெதிரே விழுகிறது. இதைவிடத் தெளிவாக மலை வேறென்ன சொல்லணும்? எட்டரைக்குக் கிளம்பினோம். கிளம்பச் சொன்னது நான்தான்.

வழியில் தெப்பக்குளம் அகலத்தில் ஒரு சரிவு. ஒருத்தர் பின் ஒருத்தராகத்தான் கடந்தோம், அந்த மட்டும் புத்தி இருந்தது. இரண்டு பேர் தாண்டிவிட்டார்கள். மூன்றாவது ஆள் நடுவில் போகும்போது, பரணில் யாரோ நெல் மூட்டையைப் போட்ட மாதிரி காலடியில் ‘வும்ம்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் கீழே ஒரு அடுக்கு நொறுங்கி உட்காரும் சத்தம். அவன் காலிலிருந்து மேலே ஒரு விரிசல் ஓடியதைப் பார்த்தேன். அப்புறம் சரிவு முழுக்க நகர்ந்தது. நின்றபோது அவன் இல்லை.

அப்போதெல்லாம் இடுப்பில் சிவப்பு நைலான் கயிறு ஒன்றைக் கட்டி, பின்னால் இழுத்துக்கொண்டே நடப்போம். ஆள் புதைந்தாலும் கயிறு மேலே மிதக்கும் என்று கணக்கு. எப்போதும் மிதக்காது. அன்றைக்கு முழ நீளம் வெளியே தெரிந்தது. தோண்ட ஒரு பெல்ச்சாவும் (மண்வாரி) சாப்பாட்டுத் தட்டுகளும்தான் இருந்தன. அந்தப் பனி சரிந்து நின்றவுடன் சிமெண்டு போல இறுகிவிடும், கையால் பறிக்க முடியாது. முகம் வெளியே வர ஏழு நிமிஷம் ஆனது. உதடு நீலம். மூச்சு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, “ஜெரிகேன் எங்கே?”

ஏழு நிமிஷம் என்று ஏன் சொல்கிறேன் தெரியுமா? முழுக்கப் புதைந்தவரை முதல் பத்து நிமிஷத்துக்குள் எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி ஆகிவிட்டால் மூன்றில் ஒருவர்தான். மணாலியிலிருந்து மீட்புக் குழு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். கூட இருப்பவர்தான் காப்பாற்ற முடியும். இப்போது கயிற்றுக்குப் பதில் 457 கிலோஹெர்ட்ஸில் பேசி, புதைந்த ஆள் இருக்கும் இடத்தைக் காட்டும் சின்னக் கருவி வந்துவிட்டது, பட்டாளத்தில் ஏ.வி.டி. என்போம். அதோடு குத்திப் பார்க்க மடக்குக் கம்பி, தோண்ட ஒரு பெல்ச்சா. மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கணும். உங்கள் ஏழு பேரில் எத்தனை பேரிடம் இருந்தது? உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

சரிவின் சாய்வையும் பார்க்கப் பழகிக்கொள். பலகைப் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடத்தில் விழும். அது எவ்வளவு என்று தெரியணுமா? ஏழு அங்குல உயரம், பத்து அங்குல அகலத்தில் கட்டிய மாடிப்படி ஏறக்குறைய 35 டிகிரி. ஆமாம், உங்கள் வீட்டு மாடிப்படி மாதிரி ஒரு சரிவுதான் ஆளைக் கொல்லும். செங்குத்துப் பாறையைப் பார்த்துப் பயப்படுகிறோம், அங்கே பனி தங்குவதே இல்லை. கையில் ஒரே நீளத்தில் இரண்டு நடைக்கம்பு இருந்தால், ஒன்றைப் பனி மேல் நேராக நிறுத்து. இன்னொன்றைப் படுக்கையாகப் பிடித்து, அதன் நுனி மேட்டுப்பக்கப் பனியைத் தொடும்படி வை. படுத்த கம்பின் பிடி, நிற்கும் கம்பின் நடுவில் வந்தால் 27 டிகிரி. அதற்கு மேலே ஏறினால் யோசி, உச்சிக்கே போனால் 45. நீ நிற்கும் இடத்தை மட்டும் அளந்தால் போதாது, உன் தலைக்கு மேலே இருப்பதையும் பார்க்கணும். பியாஸ் குண்டில் நீ நடப்பது பெரும்பாலும் பள்ளத்தாக்கின் அடியில்தான். சுற்றி நிற்பவைதான் வில்லங்கம்.

கடைசியாக, கூடாரத்திலிருந்து வெளியே வந்ததும் செய்யவேண்டிய வேலை. பூட்ஸ் காலால் பனியை மிதி. ராத்திரி நன்றாக உறைந்திருந்தால் தடம் மட்டும்தான் விழும். அப்படியிருந்தால் இருட்டோடு கிளம்பி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம். கணுக்கால்வரை போனால் ஜாக்கிரதை, முழங்கால்வரை போனால் திரும்பிப் படுத்துக்கொள். ராத்திரி மேகம் மூடியிருந்தால் பனி சரியாக உறைந்திருக்காது, நமக்குக் குளிர் உறைத்தாலும்கூட. ஆனால் இந்தச் சோதனை, வெயிலில் உருகி இரவில் உறையும் பழைய வசந்தகாலப் பனிக்குத்தான். நேற்று விழுந்த இரண்டடிப் புதுப்பனிக்கு இது செல்லாது. அதற்கு ஒரே மருந்து காத்திருப்பது. ஒன்றிரண்டு நாள், அடியில் அந்தக் கண்ணாடி அடுக்கு இருந்தால் இன்னும் கூட. உன் சித்தப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததா, வயிற்றில் ஏதோ பிசைந்ததா என்று தெரியாது. எதுவானாலும் அன்றைக்கு அவர் சொன்னதுதான் சரி. 9,000 ரூபாயில் பாதியாவது திருப்பித் தரச் சொல்லிக் கேட்டுப் பார்.

மலையில் சத்தமாகக் கத்தினால் பனி சரியும் என்று சினிமாவில் காட்டுகிறார்களே, உண்மையா மாமா?
— ஏழாம் வகுப்பு மாணவன், திருநெல்வேலி

இல்லை தம்பி. குரலுக்கு அவ்வளவு வலு கிடையாது. பனியைச் சரிய வைக்க வெடி வைக்கணும், அல்லது ஓர் ஆள் மிதிக்கணும், அல்லது மேலேயிருந்து பாரம் விழணும், இல்லை வெயில் நெகிழ வைக்கணும். நாங்கள் கத்தாமல் நடந்தது, அந்த ‘வும்ம்’ காதில் விழவேண்டுமே என்பதற்காக.

என் மகனும் மருமகளும் அடுத்த ஏப்ரலில் சிக்கிமில் காங்டாக், நாது லா போகிறோம் என்கிறார்கள். மலை ஏறப் போவதில்லை, காரில்தான். பயப்பட ஏதாவது இருக்கிறதா?
— ஒரு தாய், கும்பகோணம்

இருக்கிறது அம்மா. 2023 ஏப்ரல் 4ஆம் தேதி, அதே காங்டாக்–நாது லா சாலையில், பதினைந்தாம் மைல் பக்கம், பனிச்சரிவில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். நண்பகலை ஒட்டிய நேரம். மலை ஏறப் போனவர்கள் இல்லை அவர்கள், உங்கள் பிள்ளைகளைப் போலப் பனி பார்க்கப் போனவர்கள்.

காரில் போகிறவர்கள் செய்வது என்னவென்றால், சாலையோரம் பனி எங்கே அதிகமாகக் குவிந்திருக்கிறதோ அங்கே நிறுத்தி இறங்கி விளையாடுவது. அந்த இடத்தில் மட்டும் அவ்வளவு பனி எப்படி வந்தது என்று யோசிப்பதில்லை. அண்ணாந்து பார்த்தால், மேலேயிருந்து ஓர் ஓடை நேராக அங்கேதான் இறங்கும். அது பனி ஏற்கெனவே விழுந்த வழி. மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தோ, கீழ்க் கிளைகள் முறிந்தோ, ஒரு பட்டை மட்டும் மொட்டையாகவோ இருந்தாலும் அப்படித்தான். அங்கே கார் நிற்கவே கூடாது. அனுமதிச் சீட்டில் எத்தனையாம் மைல்வரை என்று போட்டிருக்கிறதோ அதைத் தாண்டச் சொல்லி ஓட்டுநரிடம் கெஞ்சவேண்டாம். சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் மாவட்டவாரியாக, இத்தனை மீட்டர் உயரத்துக்கு மேலே 24 மணி நேரத்துக்குள் ஆபத்து என்று எச்சரிக்கை தரும். அது வந்த நாளில் காங்டாக் கடைவீதியில் மோமோ சாப்பிடட்டும்.

டென்வரில் வேலை. இந்த வருஷம்தான் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டேன். இப்போது நண்பர்கள் ரிசார்ட்டுக்கு வெளியே, காட்டுப் பனியில் கூப்பிடுகிறார்கள். மூன்று கருவியும் வாங்கிவிட்டேன். ஏப்ரல் புயல் நல்ல பனி தரும் என்கிறார்கள். போகலாமா அண்ணா?
— வி.ஆர்., கொலராடோ

தம்பி, கொலராடோவில் நான் கால் வைத்ததில்லை, ஆனால் அந்தப் பனியை எனக்குத் தெரியும். லடாக் பனிக்கு உறவுக்காரன் அது. முன்குளிர்காலத்தில் கொஞ்சமாக விழுந்து, மேலே கடுங்குளிரும் கீழே தரைச்சூடுமாக வாரக்கணக்கில் கிடந்து, அடியில் சர்க்கரை மாதிரி உதிரும் பனியாகிவிடும். ஒரு பிடி அள்ளினால் கையிலே நிற்காது. மேலே எவ்வளவு நல்ல பனி விழுந்தாலும் அஸ்திவாரம் அதுதான், ஏப்ரலிலும் அது உள்ளே உயிரோடு இருக்கும்.

2013 ஏப்ரல் 20, உன் ஊரிலிருந்து போகும் லவ்லண்ட் பாஸ் அருகே ஷீப் க்ரீக் என்ற இடம். ஆறு பேர் போனார்கள். கருவி இருந்தது, விவரமும் தெரிந்தவர்கள். அந்த வடக்குப் பார்த்த சரிவு ஆபத்து என்று தெரிந்தே, அதன் அடிவாரத்தைக் கடந்து பத்திரமான பக்கம் போய்விடலாம் என்று நினைத்தார்கள். கீழே அவர்கள் மிதித்ததில் மேலே சரிவு உடைந்தது. ஆறு பேரும் ஒரே நேரத்தில் அதன் பாதையில் இருந்தார்கள். ஐந்து பேர் இறந்துபோனார்கள். தோண்ட ஆள் மிச்சமில்லை என்றால் பெல்ச்சா எதற்கு?

உனக்கு அங்கே இருக்கும் வசதி எங்களுக்குக் கனவிலும் கிடையாது. கொலராடோ அவலாஞ்ச் (பனிச்சரிவு) தகவல் மையம் தினமும், எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம், என்ன வகை ஆபத்து என்று ஒன்று முதல் ஐந்துவரை எண் போட்டுத் தருகிறது. அதில் மூன்றைப் பார்த்து ‘நடுவாந்தரம்தானே’ என்று நினைக்கிறவர்கள் நிறைய. மூன்று என்றால் உன் ஒருத்தன் பாரமே சரிவை இழுத்துவிடலாம் என்று அர்த்தம். முதலில் ஒரு வாரக்கடைசி வகுப்புக்குப் போ. வீட்டுக்குப் பின்னாலேயே கருவியைப் புதைத்து, நண்பர்களை விட்டுத் தேடச் சொல், கடிகாரம் வைத்துப் பார். முதல் தடவை எத்தனை நிமிஷம் ஆகிறது என்று எனக்கு எழுது. முதல் வருஷம் 30 டிகிரிக்குக் கீழேயே, மேலேயும் ஒன்றும் தொங்காத இடமாகப் பார்த்துச் சறுக்கு. அதிலேயே ஆசை தீராது என்று தெரியும். அது நல்லதுதான்.

சியாச்சினில் 2016இல் நம் வீரர்கள் இறந்தார்களே. பயிற்சி பெற்றவர்களாலேயே தப்பிக்க முடியாது என்றால், இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு?
— கே.எஸ்., மதுரை

அது வேறு. 2016 பிப்ரவரி 3, சோனம் போஸ்ட், 19,600 அடி. பனிச்சுவர் இடிந்து முகாமின் மேலேயே விழுந்தது. 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் போஸ்ட் அது. புதைந்தவர்கள் பத்து பேர், அதில் நாலு பேர் தமிழ்நாடு. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பத் மட்டும் ஆறு நாள் கழித்து உயிரோடு கிடைத்தார், 11ஆம் தேதி டெல்லி ஆஸ்பத்திரியில் போனார். நான் அப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருந்தேன். மூன்று நாள் டி.வி.யை அணைக்கவில்லை, மனைவியும் அணைக்கச் சொல்லவில்லை.

போஸ்டில் இருப்பவனுக்கு ‘இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொல்ல முடியாது. அவன் அங்கேதான் இருந்தாகணும். நடைபயணம் போகிறவருக்கு அதைச் சொல்ல முடியும். அதற்காகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஊட்டிப் பக்கம் அவலாஞ்சி என்ற ஊர் இருக்கிறதே, அங்கே எப்போது பனிச்சரிவு ஏற்பட்டது?
— பெ.ம., ஈரோடு

ஏற்பட்டதே இல்லை. 1800களின் தொடக்கத்தில் அங்கே பெரிய மண்சரிவு ஒன்று விழுந்தது, வெள்ளைக்காரன் அதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டுப் போனான். அங்கே பார்க்கவேண்டியது மழையைத்தான். 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் கொட்டிய இடம். ஜூலை, ஆகஸ்டில் போவதாக இருந்தால், எனக்கு எழுதாமல் வானிலை மையத்தைக் கேளுங்கள்.